தூத்துக்குடி – ராமேஸ்வரம்: கடல் தெரியாத கடற்கரைச் சாலையில் ஒரு நாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பாதி வழியில் என்னைத் திட்டுவீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை என்று பெயர்தான் பெரிது, தூத்துக்குடி தாண்டி ராமநாதபுரம் போகிறவரைக்கும் கடல் அநேகமாகக் கண்ணில் படாது. உப்பளம், பனங்காடு, சீமைக்கருவேலம், மறுபடி உப்பளம். கடல் வலது கைப்பக்கம் சில கிலோமீட்டர் தள்ளிப் படுத்திருக்கும். ஊர்ப்பெயர் போட்ட பலகையைப் பார்த்து ஏதாவது விலக்கில் திருப்பினால்தான் காட்சி கொடுக்கும். அதனால் இந்தப் பயணத்துக்குத் திட்டம் என்றால், எந்த விலக்கில் திரும்புவது, எதை விடுவது என்பதுதான்.

மொத்தம் 180 கி.மீ. பக்கம் வரும், தனுஷ்கோடி முனையான அரிச்சல்முனைக்கு இன்னும் 20 கி.மீ.க்கு மேல். நிற்காமல் ஓட்டினால் மதியத்துக்குள் போய்விடலாம், ஆனால் அதற்கு பஸ்ஸிலேயே போயிருக்கலாமே. நான் கணக்கைத் தலைகீழாகப் போடுவேன். தனுஷ்கோடியில் இருட்டுவதற்குள் வெளியே அனுப்பிவிடுவார்கள், சாயங்காலம் தாமதமாகப் போனால் உள்ளேயே விடமாட்டார்கள், ஆகவே நாலரை மணிக்காவது அரிச்சல்முனையில் நிற்க வேண்டும். அப்படியென்றால் மூன்று மணிக்குப் பாம்பன். அப்படியென்றால் மதியச் சாப்பாடு ராமநாதபுரத்தில். கோயில் நடை 12 மணி வாக்கில் சாத்திவிடுவார்கள் என்பதால் திருப்புல்லாணி அதற்கு முன்னால். இப்படிப் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டே வந்தால், தூத்துக்குடியில் ஐந்தரைக்கு வண்டி எடுக்க வேண்டும் என்று தானாகவே விடை வந்துவிடும்.

எந்த மாதம் என்று கேட்டால் மார்கழி, தை, மாசி. ஆடியில் கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். ஆடி, தை, மகாளய அமாவாசைகளுக்கு மட்டும் கிளம்பிவிடாதீர்கள், சேதுக்கரையிலும் ராமேஸ்வரத்திலும் தலைதான் தெரியும், தண்ணீர் தெரியாது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், மீன் சாப்பாட்டுக்காகவே வருகிறவர்கள் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோலை டவுனிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். குடிதண்ணீர் ஒரு கேன் கட்டாயம், இந்தப் பக்கம் பல ஊர்களில் தண்ணீர் உப்புக் கரிக்கும்.

வேம்பார் தாண்டியதும் ராமநாதபுரம் மாவட்டம் ஆரம்பம். அங்கிருந்து சாயல்குடி வரைக்கும் பனைதான் ராஜ்ஜியம். மாசி, பங்குனி, சித்திரையில் போனால் காலையில் சாலையோரம் பதநீர்ப் பானையோடு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். எட்டு மணிக்குள் குடித்துவிட வேண்டும், வெயில் ஏற ஏற ருசி மாறிவிடும். டம்ளர் கேட்காதீர்கள். பச்சை ஓலையை மடித்து நுனியில் முடிந்து பட்டை ஒன்று செய்வார்கள், அதில் ஊற்றி நுங்கையும் வழித்துப் போட்டுக் கொடுப்பார்கள். இரண்டு கையாலும் ஏந்தி விளிம்பில் வாய் வைத்துக் குடிக்கையில் ஓலை வாசமும், கலயத்தில் தடவிய சுண்ணாம்பின் லேசான காரமும் சேர்ந்து வரும். நம் ஊர் ஜூஸ் கடையில் பாட்டிலில் அடைத்துத் தருகிறார்களே, அது வேறு ஏதோ.

சாயல்குடி தாண்டி முதல் விலக்கு மாரியூர். கடலோரமாக பூவேந்தியநாதர் கோயில், அதையடுத்து கடற்கரை, கூட்டம் கிடையாது. விலக்கு ஒன்றே ஒன்றுதான் திரும்ப நேரம் உண்டு என்றால் இதில் திரும்புங்கள். நல்ல மழை பெய்த வருஷமாக இருந்தால் அந்தப் பக்கமே மேலச்செல்வனூர் – கீழச்செல்வனூர் பறவைகள் சரணாலயம் இருக்கிறது, கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா என்று சாயல்குடி டீக்கடையிலேயே கேட்டுவிடுங்கள். தண்ணீர் இல்லையென்றால் பறவையும் இல்லை.

வாலிநோக்கம் அழகான இடம்தான், ஆனால் அங்கே எனக்கு ஒரு கதை உண்டு. கார் போன தடம் தெரிகிறதே என்று நம்பி மணலில் இறக்கினேன், முன் டயர் இரண்டும் பாதி புதைந்துவிட்டது. பதற்றத்தில் நான் மிதிக்க மிதிக்க இன்னும் உள்ளே போனது. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்து, "தம்பி, மொதல்ல மிதிக்கிறத நிறுத்துங்க" என்றார். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கச் சொல்லி, காய்ந்த பனைமட்டைகளைச் சக்கரத்துக்கு முன்னால் செருகி, இரண்டு பையன்களைக் கூப்பிட்டுத் தள்ளவிட்டார், ஐந்து நிமிஷத்தில் வண்டி வெளியே வந்தது. தார் முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டு நடந்து போங்கள். டயருக்குக் காற்றடிக்கிற சின்ன பம்ப் ஒன்று டிக்கியில் இருக்கட்டும்.

ஏர்வாடி தர்காவுக்குப் போகிறவர்கள் போகலாம், சந்தனக்கூடு சமயத்தில் நெரிசல் அதிகம். கீழக்கரையில் மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்கிறோமே, அந்த வள்ளலின் ஊர். பழைய ஜும்மா பள்ளிவாசலைக் கண்டிப்பாகப் பாருங்கள், கல்தூண்களைப் பார்த்தால் கோயில் மண்டபம் என்றே தோன்றும், கிட்டே போனால் உருவம் எதுவும் கிடையாது, பூவும் கொடியும்தான். வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம், மற்ற நேரத்தில் அங்கே இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். அப்புறம் தொதல். தேங்காய்ப்பாலும் அரிசி மாவும் கருப்பட்டியும் சேர்த்து, எண்ணெய் பிரிகிறவரை மணிக்கணக்கில் கிண்டி எடுக்கிற கறுப்பு அல்வா. முதல் கடையிலேயே ஒரு கிலோ வாங்காதீர்கள், ஒரு விள்ளல் ருசி பார்க்கக் கேட்டால் கொடுப்பார்கள்.

திருப்புல்லாணியில் ராமர் தர்ப்பைப் புல்லில் படுத்திருக்கும் சன்னதி, அங்கிருந்து சில கிலோமீட்டரில் சேதுக்கரை. உத்தரகோசமங்கையையும் சேர்க்கலாமே என்று வண்டியில் ஒருவர் கட்டாயம் சொல்வார். அது நிதானமாகப் பார்க்க வேண்டிய கோயில், தனியாக ஒரு நாள் வாருங்கள்.

ராமநாதபுரத்தில் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் நேராகப் பாம்பனுக்கு ஓடுகிறார்கள், அரண்மனைக்குள் இருக்கும் ராமலிங்க விலாசத்தை விட்டுவிட்டு. கிழவன் சேதுபதி காலத்துக் கட்டடம், சுவரெல்லாம் ஓவியம். ராமாயணக் காட்சிகளோடு, தஞ்சை மராட்டியரோடு நடந்த சண்டையும் வரைந்திருக்கிறார்கள். அரை மணி நேரம் போதும், வெளியே கொதிக்கிற வெயிலுக்கு உள்ளே குளுகுளுவென்று வேறு இருக்கும்.

பாம்பனில் 1988ல் திறந்த சாலைப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள், போலீஸ் விரட்டும், பின்னால் பஸ்காரர் ஹாரனிலேயே கொன்றுவிடுவார். மண்டபம் பக்கம் ஓரமாக நிறுத்திவிட்டுப் பாருங்கள். 1914ல் திறந்த ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் வந்த புதுப் பாலத்தில், கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே போகும். அது நாம் போகிற நேரத்துக்கு நடந்தால் அதிர்ஷ்டம், காத்திருக்க வேண்டாம்.

ராமேஸ்வரம் ஊருக்குள் நுழையாமல் நேராகத் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் இடிந்த சர்ச் சுவரைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், திரும்பும்போது விரட்டிக்கொண்டிருப்பார்கள், போகும்போதே இறங்குங்கள். முனையில் இடப்பக்கம் பாக் நீரிணை, குளம் மாதிரி கிடக்கும், பெண் கடல் என்பார்கள். வலப்பக்கம் மன்னார் வளைகுடா, ஆண் கடல், சதா இரைச்சல். குளிக்க இறங்க வேண்டாம், இழுப்பு பலமாக இருக்கும்.

இரவு ராமேஸ்வரத்தில் தங்கிவிட்டு, மறுநாள் காலை கோயிலுக்குப் போவதற்கு முன்னால் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், அடிப்பக்கத்தையும் சேர்த்து. உப்புக்காற்று பட்ட வண்டியை அப்படியே ஊருக்குக் கொண்டுபோய் நிறுத்தி, சைலன்சர் துருப்பிடித்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.