எக்ஸை விட்டுவிட்டுப் பக்கத்துக் கோணத்தைப் பிடியுங்கள்

என் அக்கா மகளுக்குக் கணக்கு நன்றாகவே வரும். 'தெரியாத கோணத்தைக் காண்க' என்று வந்தால் மட்டும் பேனாவை மூடிவிடுவாள். "சித்தி, எக்ஸுக்குப் பக்கத்துல ஒண்ணுமே குடுக்கலையே!" என்பாள். அவள் சொல்வது சரிதான், பெரும்பாலான படங்களில் எக்ஸுக்குப் பக்கத்தில் ஒன்றும் இருக்காது. அதனால் அவளிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: எக்ஸைக் கொஞ்ச நேரம் மறந்துவிடு. எந்தக் கோணம் கைக்கு எட்டுகிறதோ அதைக் கண்டுபிடித்துப் படத்திலேயே எழுது.

முதலில் படத்தை நோட்டில் அரைப் பக்கத்துக்குப் பெரிதாக வரைந்துகொள்ளுங்கள். கேள்வித்தாளில் இருக்கும் படம் அளவெடுத்து வரைந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு கோணம் பார்க்க 60° போல இருக்கிறதே என்று 60 எழுதினேன், அதை நம்பிப் போட்ட அடுத்த இரண்டு கோணங்களும் தவறாகிப் போயின. அன்றிலிருந்து குறிகளை மட்டும்தான் நம்புகிறேன்: சம பக்கத்துக்குச் சிறு கோடு, இணைகோட்டுக்கு அம்பு, செங்கோணத்துக்குக் குட்டிச் சதுரம். கோணம் கசட என்றால் முனை நடு எழுத்தான ச-வில் இருக்கிறது. இதைக் குழப்பிக்கொண்டு வேறு கோணத்தைக் கண்டுபிடிக்கிற பிள்ளைகள் நிறைய.

நேர்கோட்டின் ஒரு பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கும் கோணங்கள் சேர்ந்து 180°. ஒரு புள்ளியைச் சுற்றி 360°. இரண்டு கோடுகள் வெட்டினால் குத்தெதிர்க் கோணங்கள் சமம். இவை எல்லாருக்கும் தெரியும்.

இணைகோடுகளில்தான் பயம். ஒரு குறுக்குவெட்டி இரண்டு இணைகோடுகளை வெட்டும்போது 8 கோணங்கள் உண்டாகும், ஆனால் அளவுகள் இரண்டே. ஒன்று 65° என்றால் சின்னதாக இருப்பவை நான்கும் 65°, பெரியவை நான்கும் 115°. குறுக்குவெட்டி செங்குத்தாக இருந்தால் எட்டும் 90°. இதைப் பார்க்கப் பழகிவிட்டால் ஒத்த கோணம் (இரண்டு சந்திப்பிலும் ஒரே இடத்தில் இருப்பவை), ஒன்றுவிட்ட கோணம் (இணைகோடுகளுக்கு இடையே, குறுக்குவெட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பவை) என்ற பெயர்கள் மிரட்டாது. தேர்வில் காரணமாக அந்தப் பெயரை எழுதத்தான் வேண்டும், ஆனால் கண் முதலில் அளவைப் பிடிக்கட்டும். அம்புக்குறியோ 'இணை' என்ற சொல்லோ இல்லாத படத்தில் இதைத் தொடவே கூடாது.

முக்கோணத்தின் மூன்று கோணங்கள் சேர்ந்து 180° என்பதும் இதிலிருந்து வருவதுதான். உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு போட்டுப் பாருங்கள், அடிக்கோணங்கள் இரண்டும் ஒன்றுவிட்ட கோணங்களாக மேலே வந்து உச்சிக் கோணத்தின் இருபுறமும் உட்கார்ந்துகொள்ளும். ஒரு பக்கத்தை நீட்டினால் கிடைக்கும் வெளிக்கோணம், அதை ஒட்டாமல் உள்ளே இருக்கும் உள்ளெதிர்க் கோணங்கள் இரண்டின் கூடுதலுக்குச் சமம். இது ஒரு வரியை மிச்சப்படுத்தும்.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று இருக்கிறது. முக்கோணம் கசட. கச = கட. கட-வின் மேல் த என்ற புள்ளி, கத = தச = சட என்று அமைந்திருக்கிறது. உச்சிக் கோணம் க எவ்வளவு? ஒரு எண் கூடக் கொடுக்கவில்லை என்று அவள் திகைத்தாள். எண் இல்லாதபோது மிகச் சிறிய கோணத்துக்கு எக்ஸ் என்று பெயர் வைத்து நகர வேண்டும்.

க-விலுள்ள கோணம் எக்ஸ். கத = தச, ஆகவே கோணம் கசத-வும் எக்ஸ். சம பக்கங்களுக்கு எதிரே இருப்பவைதான் சம கோணங்கள், அவற்றுக்கு நடுவே இருப்பது அல்ல. வழுக்கும் இடம் இதுதான். அடுத்து, முக்கோணம் கசத-வுக்குக் கோணம் சதட வெளிக்கோணம். எனவே அது 2 எக்ஸ். தச = சட, ஆகவே ட-விலும் 2 எக்ஸ். கச = கட, ஆகவே கோணம் கசட-வும் 2 எக்ஸ். பெரிய முக்கோணத்தில் கூட்டினால் 5 எக்ஸ் = 180°. எக்ஸ் = 36°.

விடை வந்ததும் திரும்பப் போட்டுப் பாருங்கள்: 36 + 72 + 72 = 180. ஒழுங்கு ஐங்கோணத்தின் ஒரு முனையிலிருந்து இரண்டு மூலைவிட்டங்கள் வரைந்தால் நடுவில் நிற்பதும் இதே முக்கோணம்தான். அதைக் கண்டபோது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்துக்காகவே இந்தக் கணக்கை எல்லாருக்கும் கொடுக்கிறேன்.

எதுவுமே நகரவில்லை என்றால் நீங்களே ஒரு கோடு சேர்க்கலாம். இரண்டு இணைகோடுகள், மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி. இரண்டையும் இணைக்கும் கோடு நடுவில் ஒரு இடத்தில் மடங்கி, 'ட' எழுத்தை விரித்த மாதிரி நிற்கிறது. மடிப்பின் முனை நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தில் மேல் இணைகோட்டோடு 40°, கீழ் இணைகோட்டோடு 35°. மடிப்பில் எவ்வளவு? மடிப்பு முனை வழியாக மூன்றாவது இணைகோடு ஒன்று வரையுங்கள். கோணம் இரண்டாகப் பிரியும். மேல் துண்டு 40°, கீழ்த் துண்டு 35°, இரண்டும் ஒன்றுவிட்ட கோணங்கள். விடை 75°.