லோரி பிரேக் மந்தமா? லைனிங்கை மாற்றும் முன் இவற்றைப் பாருங்கள்

கிள்ளான் துறைமுகத்துக்கும் ஷா ஆலாமுக்கும் இடையே ஓடும்வரை லோரியின் குறை வெளியே தெரியாது. பாரத்தோடு கெந்திங் செம்பாவிலிருந்து கோம்பாக் பக்கம் இறங்கும்போதுதான் தெரியும். பட்டறைக்குக் கொண்டுபோனால் முதல் வேலையாக, டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் லைனிங்கை மாற்றிவிடுவார்கள். பல நேரங்களில் கோளாறு வேறு இடத்தில் இருக்கும்.

அதில் முதலாவது, ஸ்பிரிங் பட்டை சேர்ப்பது. காற்று பிரேக் உள்ள பல லோரிகளில் பின் ஆக்ஸிலோடு ஒரு கம்பியால் இணைத்த வால்வு ஒன்று சேஸிஸில் இருக்கும். பாரம் ஏறி சேஸிஸ் தாழ்ந்தால், அந்த வால்வு பின் பிரேக்குக்குக் கூடுதல் காற்றை விடும். கூட இரண்டு பட்டை போட்டுவிட்டால் சேஸிஸ் முன்போல் தாழாது. முழுப் பாரம் இருந்தும் லோரி பாதி காலி என்று வால்வு கணக்குப் போடும். பின் பிரேக் சோர்ந்துபோகும், முன் லைனிங் கருகும். பட்டையை மாற்றினால், வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டு அளவுப்படி, கேஜ் வைத்து வால்வையும் சரிசெய்ய வேண்டும். அந்தக் கம்பியைத் தூக்கி ஒயரால் கட்டிவிடும் குறுக்கு வழியும் உண்டு. அது அதைவிட மோசம்: காலி லோரியில், மழை ரோட்டில் பின் சக்கரங்கள் இறுகி வண்டி பக்கவாட்டில் சுழலும். புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை நிலையத்து ரோலரில் காலி வண்டி பாஸாகிவிட்டது என்பதால் பாரத்தோடும் நன்றாக நிற்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

பட்டை வேலை முடிந்ததும், பட்டைகளை ஆக்ஸிலோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டை ஒருமுறை முடுக்கினால் போதாது. சில நூறு கிலோமீட்டர் பாரத்தோடு ஓடிய பிறகு டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பார்க்க வேண்டும். தளர்ந்தால் நடு போல்ட் அறுந்து ஆக்ஸில் நகரும், லோரி நண்டு மாதிரி சாய்ந்து ஓடும். அப்போது முன் சக்கர அலைன்மெண்ட்டை எத்தனை தடவை செய்தாலும் ஸ்டியரிங் நேராகாது.

அடுத்தது ஸ்லாக் அட்ஜஸ்டர், அதாவது லைனிங்குக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் கை. தானே சரிசெய்துகொள்ளும் வகையை ஸ்பானர் போட்டுத் திருகுவது நம் பட்டறைகளில் சர்வசாதாரணம். அது தளர்ந்ததற்கு ஒரு காரணம் இருக்கும்: கேம் புஷ் தேய்ந்திருக்கும், இணைப்பு ஆணி (பின்) துருப்பிடித்து இறுகியிருக்கும், அல்லது அட்ஜஸ்டரே போயிருக்கும். திருகினால் கொஞ்ச நாளில் மறுபடி தளரும், உள்ளே இருக்கும் கிளட்சும் தேயும். அளந்து பார்ப்பதே சரியான வழி. சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். காற்று 90 முதல் 100 பிஎஸ்ஐ இருக்கும்போது எஞ்சினை அணைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவியுங்கள். புஷ் ராடு (காற்று தள்ளும் கம்பி) பிரேக் சேம்பரிலிருந்து வெளிவரும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, ஒருவர் பெடலை முழுதாக மிதிக்க, கோடு எவ்வளவு நகர்கிறது என்று அளக்கவும். வழக்கமான 30 வகை சேம்பரில் 2 அங்குலம்தான் எல்லை. இறக்கத்தில் டிரம் சூடேறி விரியும், அப்போது ராடு இன்னும் நீள வேண்டியிருக்கும் என்பதால், எல்லையை ஒட்டி நிற்பதும் ஆபத்துதான். ஒரே ஆக்ஸிலில் இடது வலது அளவுகள் வித்தியாசப்பட்டால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பின் பக்கத்து ஸ்பிரிங் பிரேக் சேம்பரின் கிளாம்பை மட்டும் யாரும் கழற்றக் கூடாது. உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் ஆளையே கொன்றுவிடும்.

வண்டி இழுக்கிறதே என்று முன் பிரேக்கைத் தளர்த்தி வைப்பவர்களும் இருக்கிறார்கள். நிறுத்தும்போது எடை முன்னால் சாயும், முன் சக்கரம்தான் அதிகம் உழைக்கும். அதைத் தளர்த்தினால் நிற்கும் தூரம் நீளும்.

இறக்கத்தில் பெடலைச் சும்மா தட்டிக்கொண்டே வந்தால், கம்ப்ரஸர் நிரப்புவதைவிட வேகமாகக் காற்று தீரும். 60 பிஎஸ்ஐ வாக்கில் எச்சரிக்கை ஒலித்தால் ஓரம் கட்டிவிட வேண்டும். இறங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து, புகைக்குழாயை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடுங்கள். வேகம் உங்கள் எல்லையைத் தொட்டதும் பெடலை உறுதியாக மிதித்து, மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகம் குறைந்ததும் முழுதாக விடுங்கள். டிரெய்லர் கைப்பிடி பிரேக்கால் மட்டும் இறங்கினால், டிரெய்லர் டிரம்கள் தனியாக வெந்து பயனற்றுப் போகும். காலி லோரியில், மழையில் எக்ஸாஸ்ட் பிரேக் வேண்டாம், பின் சக்கரம் வழுக்கும். கொதிக்கும் டிரம்மில் தண்ணீர் ஊற்றவும் கூடாது, உடனே பார்க்கிங் பிரேக் போடவும் கூடாது. விரிசல் விடும்.

காற்றுத் தொட்டியின் வடிகாலைத் தினமும் திறந்துவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்கு ஒரு வாரம் விட்டாலே தண்ணீர் சேரும். எண்ணெய் கலந்து வெண்மையாக வந்தால் கம்ப்ரஸரையும் காற்றை உலர்த்தும் டிரையரையும் பார்க்க வேண்டும்.

ஜோடி டயரில் ஒன்று புதிது, ஒன்று தேய்ந்த செலுப் (ரீட்ரெட் செய்த டயர்) என்று போட்டால் பெரியது பாரத்தைச் சுமக்கும், சின்னது உரசும். காற்றைக் காலையில், ஓட்டுவதற்கு முன் அளக்கவும். ஓடிய சூட்டில் கூடக் காட்டுகிறது என்று காற்றை இறக்கிவிட வேண்டாம். பாரத்தைப் பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் தள்ளி ஏற்றினால் முன் சக்கரம் லேசாகி, மழையில் ஸ்டியரிங் திரும்பினாலும் வண்டி திரும்பாது.

ஹைட்ராலிக் பிரேக் உள்ள 1 டன், 3 டன் லோரிகளில் பிரேக் எண்ணெய் ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்த எண்ணெய் சூட்டில் ஆவியாகி, பெடல் தரையைத் தொடும். 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றி, காற்றை வெளியேற்றுங்கள். எஞ்சின் எண்ணெயைத் தப்பித் தவறி ஊற்றினால் ரப்பர் சீல்கள் எல்லாம் ஊதிப் போகும், அத்தனையையும் மாற்ற வேண்டிவரும்.