மாஸ்ஃபெட் சுட்டது, வால்வு திறக்கவில்லை

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் மாந்தோப்புச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு 12 வோல்ட் சோலனாய்டு வால்வு (சுருளில் மின்சாரம் பாய்ந்தால் காந்தம் இழுத்துத் திறப்பது), இயக்குவது ஈஎஸ்பி32 என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை. வால்வு முனகியதே தவிர திறக்கவில்லை. வால்வுக்கு மின்சாரத்தை விடவும் நிறுத்தவும் கடைக்காரர் கொடுத்த மின்னணு ஸ்விட்சான ஐஆர்எஃப்540 மாஸ்ஃபெட்டைத் தொட்டால் விரல் பொத்துவிடும்போல் சூடு. அதன் கட்டுப்பாட்டு முனையான கேட்டுக்கு 10 வோல்ட் கிடைத்தால்தான் அது முழுதாகக் கடத்தும். ஈஎஸ்பி32 தருவதோ 3.3. யானைப் பசிக்குச் சோளப்பொரி!

குறைந்த கேட் மின்னழுத்தத்திலேயே கடத்தும் ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட்டை மாற்றியதும் ‘டக்’கென்று திறந்தது. ஆனால் மூடும்போதெல்லாம் பலகை ரீசெட் ஆனது. வால்வின் சுருளில் மின்சாரம் அறுபடும் கணத்தில் எழும் எதிர் மின்னழுத்தத்தின் வேலை அது. அது சுழன்று அடங்கச் சுருளுக்குக் குறுக்கே, ஒரு திசையில் மட்டும் கடத்தும் 1என்4007 டையோடு வைத்தேன், வெள்ளிக்கோட்டு முனை பாசிட்டிவ் பக்கம். தொல்லை நின்றது.

கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் போட்டிருக்கிறேன். இல்லாவிட்டால் பலகை விழிக்கும்வரை கேட் நிலையின்றி மிதந்து வால்வு தன்னிஷ்டத்துக்குத் துள்ளும். மாஸ்ஃபெட்டுக்குப் பதில் ரிலேவே (காந்தத்தால் இயங்கும் ஸ்விட்ச்) போதும் என்கிறார் அண்ணன், எனக்கு உடன்பாடில்லை.