'போஸ்ட்போன்' என்ற சொல்லைச் சரியாகக் கையாள்வது எப்படி?

ஒரு நிகழ்வை வேண்டுமென்றே வேறொரு நாளுக்குத் தள்ளி வைப்பதுதான் 'போஸ்ட்போன்'. ரயில் தாமதமாக வந்தால் அது 'டிலே'. இந்த இரண்டையும் கலக்கவே கூடாது.

அதிகம் சறுக்குவது வாக்கிய அமைப்பில்தான். 'தி மீட்டிங் போஸ்ட்போன்ட்' என்று நிறுத்தினால் வாக்கியம் முழுமையாகாது; இந்த வினைக்குச் செயப்படுபொருள் கட்டாயம். தள்ளி வைத்தவரைச் சொல்வதானால் 'வீ போஸ்ட்போன்ட் தி மீட்டிங்'. சொல்லத் தேவையில்லை என்றால் 'தி மீட்டிங் ஹேஸ் பீன் போஸ்ட்போன்ட்'.

புதிய நாளைக் குறிக்க 'அன்டில்' அல்லது 'டு' வரும். 'அன்டில் மண்டே' என்றால் திங்கள்கிழமை கூட்டம் நடக்கும் என்று பொருள். 'திங்கள் வரை' என்று தமிழில் யோசிப்பதால்தான் குழப்பம் வருகிறது. எத்தனை நாள் தள்ளிப்போகிறது என்பதற்கு 'பை': 'பை 2 டேஸ்'.

பின்னால் இன்னொரு வினை வந்தால் 'இங்' சேருங்கள். 'போஸ்ட்போன்ட் டு கோ' தவறு, 'போஸ்ட்போன்ட் கோயிங்' சரி. சாதாரணப் பேச்சுக்கு 'புட் ஆஃப்' இன்னும் இயல்பாக இருக்கும்.

முன்கூட்டியே நடத்துவதைச் சொல்லும் 'பிரிபோன்' இந்திய ஆங்கிலச் சொல். வெளிநாட்டவரிடம் 'பிரிங் ஃபார்வர்ட்' என்றே எழுதுங்கள்.