சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார்: ஒரே நாளில் சுற்றிவரும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் இருக்கும் நமக்குக் கோலகங்சார் அரை மணி நேரப் பயணம்தான். அதனாலேயே பலர் பத்து மணிக்குக் கிளம்பி, உச்சி வெயிலில் பள்ளிவாசல் முன் படம் எடுத்து, செண்டோல் (தேங்காய்ப்பாலும் ஐஸும் சேர்ந்த இனிப்புப் பானம்) குடித்துத் திரும்பிவிடுகிறார்கள். பாதி ஊர் விட்டுப்போகிறது. காலை ஏழுக்குக் கிளம்புங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், ஜும்ஆ தொழுகையால் நாளின் நடுப்பகுதி உடைந்துவிடும்.

1. காராய் விக்டோரியா பாலம்

ஊருக்குள் போகும் முன்பே இதை முடித்துவிடுங்கள். நிழல் கிடையாது, பத்து மணிக்கு மேல் இரும்பு கொதிக்கும். பேராக் ஆற்றைக் கடக்க 1897இல் கட்டத் தொடங்கி 1900இல் திறந்த ஒற்றைத் தண்டவாளப் பாலம் இது. இப்போது ரயில்கள் பக்கத்துப் புதுப் பாலத்தில் ஓடுகின்றன. ஓரத்து நடைபாதையில் மட்டும் நடங்கள், பிள்ளைகளின் கையை விடாதீர்கள். இருபது நிமிடம் போதும்.

2. பால்மரம் (ரப்பர் மரம்)

எல்லாரும் தவறவிடும் இடம் இதுதான். கித்தாக் காடு (ரப்பர் தோட்டம்) போல நிரை நிரையாக எதையோ எதிர்பார்த்துப் போகிறவர்கள் மரத்தைத் தாண்டியே போய்விடுகிறார்கள். ஒரே ஒரு மரம், மாவட்ட அலுவலகம் அருகே, வேலிக்குள், பெயர்ப்பலகையோடு நிற்கிறது. வழிகாட்டிச் செயலியில் பள்ளிவாசலைப் போடாமல் மாவட்ட அலுவலகத்தைப் போடுங்கள். காரை நிறுத்திவிட்டு நடந்து தேடுங்கள். காரில் இருந்தபடி தேடினால் கண்ணில் படாது. வேலை நாளில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கடினம், சனி ஞாயிறு நல்லது.

பிரேசில் விதைகளிலிருந்து லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகளில் 22, 1877இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாருக்கு வந்தன. அப்போது பேராக் ரெசிடெண்டாக (பிரிட்டிஷ் ஆலோசகராக) இருந்தவர் ஹியூ லோ. அந்த ஒன்பதில் மிஞ்சியது இந்த மரம். தோட்டத்து ஒட்டு மரங்களை இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள் என்பதால், இவ்வளவு பருத்த அடிமரத்தை பால் வெட்டுகிறவர்கள்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். வீட்டில் பால் வெட்டிய பெரியவர் இருந்தால் கட்டாயம் அழைத்துப் போங்கள். மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்) கட்டுவது, பட்டையில் கோடு போடுவது எல்லாவற்றையும் பேரப்பிள்ளைகளுக்கு அவர் மரத்தைக் காட்டியே சொல்ல இதைவிட நல்ல இடம் இல்லை. அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

3. புக்கிட் சந்தான்

இந்தக் குன்றின் மேல் உபுடியா பள்ளிவாசல், கட்டத் தொடங்கியது 1913, முடிந்தது 1917. இத்தாலியிலிருந்து வந்த பளிங்குக் கற்களை இரண்டு யானைகள் சண்டையிட்டு மிதித்து நாசமாக்கின. முதல் உலகப்போர் நேரத்தில் மறுபடி வரவழைக்க வேண்டியதாயிற்று. கை, கால் மூடிய உடை, பெண்களுக்குத் தலைத்துணி, இவற்றை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். தொழுகை நேரத்தில் வெளியில் காத்திருங்கள்.

அருகிலேயே 1926இல் கட்டிய இஸ்தானா கெனாங்கான். ஆணி அடிக்காத மர மாளிகை. மூங்கில் பின்னல் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். தூரத்திலிருந்து அது வெறும் வண்ணமடித்த பலகையாகத்தான் தெரியும். சுல்தானின் அரண்மனையான இஸ்தானா இஸ்கண்டாரியாவை வாயிலுக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும்.

4. சாப்பாடு

ஆற்றோரக் கடைகளில் கோலகங்சார் லக்சா. கோதுமை மாவு நூடுல்ஸ், பினாங்கு லக்சாவைவிட நீர்த்த மீன் குழம்பு. சைவக்காரர்கள் ஊரில் உள்ள நம்மவர் கடைகளிலேயே சாப்பிட்டுக்கொள்வது நல்லது. செண்டோலை மட்டும் ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்து குடியுங்கள்.

5. சாயோங்: கறுப்புக் கூஜா

ஊரிலிருந்து பேராக் ஆற்றுப் பாலம் கடந்தால் சாயோங். லாபு சாயோங் என்னும் சுரைக்காய் வடிவ மண்கூஜா இங்கேதான் செய்கிறார்கள். சுட்டெடுத்த சூட்டோடு நெல் உமியில் புதைப்பதால் கறுப்பாகிறது.

வாங்கும்போது ஏமாறுவது பெரும்பாலும் வார்னிஷில்தான். பளபளப்பானது அழகுக்கு மட்டும். பூச்சு நுண்துளைகளை அடைத்துவிடுவதால் தண்ணீர் குளிராது. கசிந்து ஆவியானால்தானே குளிர்ச்சி! குடிநீருக்கென்று பூச்சில்லாததைக் கேட்டு வாங்குங்கள். விரல் முட்டியால் தட்டுங்கள்: கணீரென்றால் நல்லது, மந்தமாக ஒலித்தால் விரிசல் இருக்கலாம். கடையிலேயே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மேலே ஈரம் கசிவது சரி, சொட்டக் கூடாது.

வீட்டில் சோப்புப் போடாதீர்கள், மண் அதை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் நிரப்பி ஒரு நாள் வைத்துக் கொட்டுங்கள். சாம்பல் வாசனை போகும்வரை இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்யுங்கள். பிறகு தட்டின்மேல், காற்று வரும் சன்னலோரம் வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஐஸ் போல ஆகாது. பானைத் தண்ணீர் அளவுக்குக் குளிரும்.

பின்சேர்க்கை: ரயிலில் வருகிறவர்களுக்கு

எல்லா இ.டி.எஸ். (மின்சார விரைவு) ரயிலும் சுங்கை சிப்புட்டில் நிற்பதில்லை. போகும் வண்டி, வரும் வண்டி இரண்டையும் பார்த்த பிறகே டிக்கெட் எடுங்கள். காராய் பாலத்தைச் சன்னல் வழியே பார்த்துக்கொள்ளலாம். சாயோங் போகும் கிரேப் (செயலியில் அழைக்கும் வாடகைக் கார்) ஓட்டுநரிடம் காத்திருக்கும்படி முன்பே பேசிவிடுங்கள், அங்கிருந்து திரும்ப வண்டி கிடைக்க நேரமாகும். கூஜாவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பைக்குள் கழுத்துதான் முதலில் உடையும்.