கூகை கக்கிய எலும்பில் எலியின் பாலினமும் வயதும்

மலேசியாவின் தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில், எலியை அடக்குவதற்காகக் கம்பத்தின்மேல் வைக்கப்பட்டிருக்கும் கூகைப் பெட்டிகளின் அடியில், கட்டைவிரல் பருமனுள்ள கறுத்த உருண்டைகள் கிடக்கும். இரையை விழுங்கிய கூகை, செரிக்காத மயிரையும் எலும்பையும் இவ்வாறு கக்கிவிடுவதால், பொறி வைக்காமலேயே இரையான எலிகள் ஆணா பெண்ணா என்ற பாலையும் வயதையும் இடுப்பெலும்பிலிருந்து கணிக்கலாம்.

எலிக்காய்ச்சல் பரவும் நாட்டில் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் உருண்டையைத் தொடக்கூடாது. குஞ்சுள்ள பெட்டியை நெருங்கவும் கூடாது. உருண்டையை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் தேநீர் வடிகட்டியில் அலசினால், ஒரு முனை துடுப்பாக நீண்டு, மறுமுனை பெரிய ஓட்டையைச் சுற்றிய வளையமாக அமைந்த எலும்பு கிடைக்கும். அதுவே பாதி இடுப்பு. துடுப்பு இலியம், வளையத்தின் மேற்புறத் தடித்த பகுதி இஸ்கியம், கீழே மெலிந்து வருவது பியூபிஸ். ஒரே எலியை இருமுறை எண்ணிவிடாமல் இருக்க, இடப்பக்க எலும்பை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பாலைப் பார்க்குமுன் வயதைப் பார்க்க வேண்டும். தொடையெலும்பின் தலை பொருந்தும் குழியில்தான் மூன்று எலும்புகளும் கூடுகின்றன. அங்கே கோடு தெரிந்தாலோ, மூன்றும் தனித்தனியே உதிர்ந்து கிடந்தாலோ அது குட்டி. அதைப் பால் கணக்கில் சேர்க்கவே கூடாது, ஏனெனில் ஆண் குட்டியின் பியூபிஸும் பெண்ணுடையதைப் போலவே மெலிந்திருக்கும். நான் முதன்முதலில் எண்ணியபோது ஏறக்குறைய எல்லாவற்றையும் பெண் என்று எழுதிவிட்டு, பிறகு மேசை விளக்கின் கீழ் அந்தக் கோட்டைக் கண்டு தாளைக் கிழித்தேன்.

குழி முழுதும் இணைந்த எலும்பில், ஆணின் பியூபிஸ் குட்டையாகவும் தடித்தும், பெண்ணுடையது நீண்டு மெலிந்தும் இருக்கும். கண் ஏமாற்றும் என்பதால், பியூபிஸின் நீளத்தை இஸ்கியத்தின் நீளத்தால் வகுத்து எழுதுவதே நல்லது. பெண்ணில் இந்த விகிதம் கூடுதலாக வரும். குட்டி ஈனும்போது வழிவிட இடுப்பு அகன்று நெகிழவேண்டியிருப்பதே இதற்குக் காரணம். சீமைப்பெருச்சாளியில் அந்நெகிழ்வை உண்டாக்கும் ரிலாக்சின் என்ற இயக்குநீரை (ஹார்மோனை) 1926இல் ஃபிரடெரிக் ஹிசா கண்டறிந்தார்.

தோட்டத்து ஓரத்தில் காட்டுப்பன்றியின் எலும்பு கிடைத்தால் குழி இணைந்தால் வளர்ந்தது என்ற இந்த அளவுகோல் பொருந்தாது: வளர்ப்புப் பன்றியில் அக்குழி ஏறத்தாழ ஒரு வயதில் இணைகிறது, இலியத்தின் விளிம்போ 6, 7 வயதில்தான் ஒட்டுகிறது.