சுற்றுச்சூழல் கல்வி ஆலோசனைக் குழு: கடலூரிலும் புதுவையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்த பிறகு சுற்றுச்சூழல் கல்வி பள்ளிகளில் கட்டாயப் பாடமானது. 2001-02-இல் தேசிய பசுமைப் படை தொடங்கியதும் பல பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்கள் வந்தன. அந்தப் பிள்ளைகளுக்கு எதை, எப்போது, எந்தப் பணத்தில் கற்றுக்கொடுக்கலாம் என்று அரசுக்கு எடுத்துச் சொல்வதே ஆலோசனைக் குழுவின் வேலை. குழுவில் உட்காருகிறவர்கள் அக்கறையோடுதான் வருகிறார்கள். ஆனால் தாங்கள் எழுதுவதை எந்த மண்ணில், எந்த மாதத்தில், யார் செய்யப்போகிறார்கள் என்று பார்க்கத் தவறும்போது பரிந்துரை காகிதத்திலேயே நின்றுவிடுகிறது.

மரக்கன்று நடுவதையே எடுத்துக்கொள்வோம். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள் என்பதால், 'அன்று ஒவ்வொரு பள்ளியும் 50 கன்று நட வேண்டும்' என்று எழுதிவிடுகிறார்கள். கடலூருக்கும் புதுவைக்கும் மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான் வருகிறது. ஜூன் தொடக்கத்தில் கத்திரி வெயிலின் சூடு மண்ணை விட்டு இறங்கியிருக்காது. அன்று நட்ட கன்றுக்கு நான்கு மாதம் கையால் தண்ணீர் ஊற்ற வேண்டும், அதற்கு பள்ளியில் ஆள் கிடையாது. ஆகவே ஜூன் 5 அன்று விதை சேகரிப்பையும் நாற்றங்கால் பை நிரப்புவதையும் வைத்துக்கொள்ளலாம். ஆகஸ்டில் இரண்டடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து ஆறப்போட வேண்டும். மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரம் கலந்து குழியை நிரப்பி, செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவுக்குள் நடலாம். தண்ணீர் தேங்கும் தாழ்வான இடமென்றால் குழிக்குப் பதில் மேடு கட்டி நட வேண்டும்.

எந்த மரம் என்பதையும் பரிந்துரையிலேயே சொல்லிவிட வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையேதான் கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை ஊரே பார்த்தது. கடலோரப் பள்ளிக்கு பூவரசு, புன்னை, புங்கன், பனை ஆகியவை பொருந்தும். பனையை விதையாகவே ஊன்ற வேண்டும். முளைத்ததைப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் அறுந்து பட்டுப்போகும். இன்னொன்று: நட்ட எண்ணிக்கையைக் கேட்காமல், அடுத்த ஜூனில் உயிரோடிருக்கும் எண்ணிக்கையைக் கேளுங்கள். மே மாத விடுமுறையில் தண்ணீர் ஊற்றுகிறவர் யார் என்ற கேள்வி அப்போதுதான் எழும்.

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்துக்கு முழுவதுமாக ஒரே நாட்காட்டி போடுவதும் தவறு. கேரளக் கரையில் இருக்கும் மாஹேயில் தென்மேற்குப் பருவமழை ஜூனிலேயே தொடங்கிவிடும், அங்கே ஜூன் நடவு சரி. புதுவைக்கும் காரைக்காலுக்கும் அது சரிப்படாது. பாடநூலும் அப்படித்தான். புதுவை அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. எல்லை தாண்டினால் கடலூரில் தமிழ்நாட்டுப் பாடநூல். ஒரே கையேட்டை இரண்டு பக்கமும் அனுப்பினால் ஒரு பக்கத்து ஆசிரியருக்கு அது எந்தப் பாடத்தோடும் ஒட்டாது.

பிச்சாவரத்துக்கு அழைத்துப்போய் சுரபுன்னை நட வைப்பது இப்போது எல்லாருக்கும் பிடித்த நிகழ்ச்சி. 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த காடு என்பதால் ஆர்வம் கூடியிருக்கிறது. முன்பு மொத்தமாக வெட்டப்பட்ட இடங்களில் தரை தாழ்ந்து தொட்டிபோல் ஆனது. கடல் பொங்கும்போது ஏறும் ஓதநீர் உள்ளே வந்து தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறிப் போனது. அங்கே கன்றை மட்டும் குத்தினால் நிற்காது. மீன் முள்போல் நடுவே ஒரு பெரிய வாய்க்காலும் இருபுறமும் கிளை வாய்க்கால்களும் வெட்டி, ஓதம் ஏறி இறங்க வழிசெய்த பிறகுதான் காடு திரும்பியது. பிள்ளைகள் கற்க வேண்டியது அந்த வாய்க்காலைத்தான். வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் நட வைக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

தண்ணீர் சோதனையில் நேரும் தவறு இன்னும் ஆபத்தானது. பள்ளிக்கு ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கிக் கொடுத்து, எண் 500-க்குக் கீழே வந்தால் 'நல்ல தண்ணீர்' என்று பிள்ளைகளை எழுத வைக்கிறார்கள். அந்தக் கருவி தண்ணீரில் மின்சாரம் கடப்பதை வைத்து கரைந்த உப்பைக் கணிக்கிறது, அவ்வளவுதான். கிருமி அதற்குத் தெரியாது. பூச்சிக்கொல்லியும் ஆலைகளின் கரிம ரசாயனங்களும் தெரியாது. குடிகாடு சிப்காட்டை ஒட்டிய ஊர்களில் மக்கள் கேட்கும் கேள்விக்கு இந்தக் கருவியால் பதில் சொல்ல முடியாது. ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்ப்பதே வழி.

ஆனால் கடலோரத்தில் உப்புநீர் உட்புகுவதைக் கண்டுபிடிக்க அதே கருவி அருமையானது. ஒரே கைப்பம்பை ஐந்து நிமிடம் அடித்துவிட்டு, மாதம் ஒருமுறை அதே தேதியில் அளந்து குறித்துவைத்தால் மழைக்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம் வரைபடத்திலேயே தெரிந்துவிடும். கிருமியைக் கண்டுபிடிக்க எச்2எஸ் சோதனைக் குப்பி தனியாக வேண்டும். தண்ணீர் ஊற்றி வைத்து 48 மணி நேரத்துக்குள் கறுத்தால், கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. கறுக்கவில்லை என்றால் ரசாயனமும் இல்லை என்று பொருளல்ல.

குழுவின் அமைப்பிலும் ஒரு குறை திரும்பத் திரும்ப வருகிறது. துறைத் தலைவர்களும் பேராசிரியர்களும் நிறைந்திருப்பார்கள், வகுப்பறையில் நிற்பவர் ஒருவரும் இருக்க மாட்டார். அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டு தேசியச் சுற்றுச்சூழல் கல்விச் சட்டம் அமைத்த 11 பேர் ஆலோசனைக் குழுவில், பள்ளிக் கல்விக்கான இரண்டு இடங்களில் ஒன்று வகுப்பு ஆசிரியருக்கு என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். நமக்கு அதோடு ஒரு மீனவரும் ஒரு விவசாயியும் வேண்டும். ஊசுடு ஏரியில் தண்ணீர் எப்போது ஏறும், தேவனாம்பட்டினக் கரையில் ஆமை எந்த மாதம் ஏறும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கடைசியாக, தீர்மானம் எழுதும் விதம். ஆலோசனைக் குழுவுக்கு உத்தரவிடும் அதிகாரம் இல்லை. 'விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட வேண்டும்' என்று எழுதினால் அது எந்த மேசைக்கும் போய்ச் சேராது. ஒவ்வொரு பரிந்துரையிலும் எந்த அலுவலகம், என்ன வேலை, எந்தத் தலைப்பில் பணம், எந்தத் தேதிக்குள் என்ற நான்கும் ஒரே வரியில் இருக்க வேண்டும். நடவடிக்கைக் குறிப்பை ஒரு வாரத்துக்குள் அனுப்புங்கள். அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக, போன முறை சொன்னவற்றில் எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்பதை வையுங்கள். அக்டோபருக்கான நடவுப் பணம் ஜூலைக் கூட்டத்திலேயே பேசப்பட்டிருக்க வேண்டும். செப்டம்பரில் பேசினால் பணம் வருவதற்குள் மழை போய்விடும்.